வலி, சாவு, விசுவாசம்: வேலூர் வழியாக ஒரு விளக்கம்

வேலூரில் பாதி ஊர் நோயைச் சுற்றித்தான் ஓடுகிறது. காட்பாடி ஜங்ஷனில் ரயில் விட்டு இறங்கும் வங்காளக் குடும்பங்கள், தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஐடா ஸ்கடர் சாலையில் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவர்கள் என்று எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவருடைய கஷ்டம் கண்ணில் படும். "கடவுள் இருக்கிறார் என்றால் ஏன் இப்படி?" என்பது இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கப்படும் கேள்வி. அந்த ஆஸ்பத்திரியையே, அதாவது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை, கிறிஸ்தவர்கள்தான் கட்டினார்கள் என்பதால், அவர்களுடைய நம்பிக்கை இந்தக் கேள்விக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கதையைப் பார்ப்பதும் ஆகும்.

முதலில் அந்த நம்பிக்கை எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். கிறிஸ்தவ வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு விளக்கத்தையும் கொண்டுவருவார்கள். "ஆண்டவர் சோதிக்கிறார்" என்பார் ஒருவர். "எல்லாம் தேவ சித்தம்" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஏதாவது பாவம் அறிக்கையிடாமல் இருக்கிறதா, ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள்" என்பார். இந்த மூன்றாவது விளக்கம் தமிழ்நாட்டில் எளிதாக எடுபடும். செய்த வினை, தலையெழுத்து என்ற பேச்சு எல்லார் காதிலும் பழகிப்போனது. ஞானஸ்நானம் எடுத்த வீட்டிலும் அது உட்கார்ந்துகொள்கிறது, பைபிள் வார்த்தைகளை உடுத்திக்கொண்டு.

ஆனால் பைபிளே இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. யோபு புத்தகத்தின் 42 அதிகாரங்களில் பெரும்பகுதி இந்த வாதம்தான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்களும் வந்து, குற்றம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவோடு ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் சரி. பேச ஆரம்பித்ததும், "நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான்" என்ற ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது யோபுவின் மேல் அல்ல, இந்த மூவர் மேல்தான். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, என் தாசன் யோபு பேசினான் என்கிறார். கடவுளை வழக்குக்கு இழுத்தவன் யோபு, கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் இவர்கள்!

புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தான். பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார் (லூக்கா 13). அப்படியானால் சுவர்களில் எழுதியிருக்கும் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற ரோமர் 6:23? அது மனித குலம் மொத்தத்தின் நிலையைப் பற்றியது. ஆதாமோடு சாவு உலகத்துக்குள் வந்தது என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியதைப் பழைய இறையியலாளர் அகுஸ்தீன் விரித்து எழுதினார், மேற்கத்திய சபைகள் அதையே பிடித்துக்கொண்டன. உடல் ஒருநாள் ஓய்வது படைப்பிலேயே இருந்தது, அதை நாம் பயத்தோடும் தனிமையோடும் சந்திப்பதுதான் பாவத்தின் விளைவு என்று சொல்லும் இறையியலாளர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், இன்னாருக்கு இன்ன பாவத்துக்கு இன்ன புற்றுநோய் என்று பில் போட அதில் இடமில்லை.

சரி, விளக்கம் இல்லையென்றால் வேறு என்னதான் இருக்கிறது? சிலுவை இருக்கிறது. கிறிஸ்தவத்தின் மையத்தில் இருப்பது துன்பத்துக்கான காரணம் இல்லை, துன்பப்படுகிற கடவுள். சாவுக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு வீரவசனம் எதுவும் பேசவில்லை; "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கெஞ்சுகிறார். சிலுவையில் அவர் கத்துவது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அந்த "ஏன்"-க்கு மேலேயிருந்து பதில் வந்ததாக எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், இயேசு கண்ணீர் விடுகிறார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நம் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். "விசுவாசிகள் இப்படி அழக்கூடாது, பாட்டுப் பாடுங்கள்" என்று யாராவது ஒரு சபை மூப்பர் அடக்குவார். அதற்கு 1 தெசலோனிக்கேயர் 4:13 ஐ ஆதாரம் காட்டுவார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறது அந்த வசனம். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் புலம்பல் சங்கீதங்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒப்பாரி பாடத் தெரிந்த ஊருக்கு அந்தப் பக்கங்களைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை. அழுகையை அடக்குவதுதான் விசுவாசம் என்று ஆக்கியது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பகுதிக்கு வந்த புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்துக்கு இன்னொரு குறிப்பான வேர் இருக்கிறது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்த ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று 1563இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடை. 129 கேள்விகள் கொண்டது. முதல் கேள்வி கடவுள் யார் என்றோ, உலகத்தைப் படைத்தது யார் என்றோ கேட்காது. வாழ்விலும் சாவிலும் உனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் எது என்று கேட்கும். நான் எனக்குச் சொந்தமில்லை. உடலோடும் ஆத்துமாவோடும், வாழ்விலும் சாவிலும், என் மீட்பர் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பது பதிலின் சாரம். 42ஆவது கேள்வி இன்னும் நேரடியானது: கிறிஸ்து நமக்காகச் செத்துவிட்டார் என்றால் நாம் ஏன் இன்னும் சாக வேண்டும்? நம் சாவு பாவத்துக்குக் கட்டும் கடன் இல்லை, அது பாவத்துக்கு முடிவு, நித்திய வாழ்வுக்குள் நுழையும் வாசல் என்கிறது பதில். கடன் தீர்ந்துவிட்டது என்ற இந்த ஒரு வரி, மேலே சொன்ன மூன்றாவது விருந்தாளியின் வாயை அடைக்கப் போதும்.

வாசல் என்று எழுதிவைத்த சபையில் வளர்ந்தவர்கள் சாவைச் சும்மா விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடரின் கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 1890களில் ஒரு இரவு, திண்டிவனத்தில், மூன்று வீட்டு ஆண்கள் தனித்தனியாக வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டார்கள். அப்பா டாக்டர், ஆனால் ஆண்; ஆண் டாக்டரை அந்த வீடுகள் உள்ளே விடவில்லை. ஐடா பெண், ஆனால் டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனெரி வேலையே வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண் அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகித் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் மருத்துவமனையைத் தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இவைதான் வளர்ந்து சி.எம்.சி. ஆயின.

இந்தக் கதையை 'தேவ அழைப்பு' என்று சபைகளில் சொல்கிறோம். அதில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த மூன்று சாவுகளும் கடவுள் சித்தம் என்று ஐடா எடுத்துக்கொண்டிருந்தால் அவர் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார், அதோடு முடிந்தது. நடந்திருக்கக் கூடாதது நடந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டார். பவுல் சாவைச் சத்துரு என்கிறார்: "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." சத்துருவோடு சமாதானம் பேசிக்கொள்ளச் சொல்லும் மதம் இல்லை இது. வாசல் என்பதும் உண்மை, சத்துரு என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

அடுத்து பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அதே மலையில் 1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பையன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். அறுவை சிகிச்சை நிபுணராகி 1946இல் வேலூருக்கு வந்த பிராண்டை, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி இரும்பு மாதிரி இருந்தது, கை வலித்தது. தசை செத்துப்போகவில்லை, அப்படியானால் சரிசெய்யலாம் என்று அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியது. நல்ல தசைநாரை எடுத்து மாற்றிப் பொருத்தி விரல்களை விரிய வைக்கும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது அப்படித்தான். 1955இல் காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது.

ஆனால் விரல்கள் ஏன் குறைகின்றன? நோய் சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்தார்கள். பிராண்டும் அவருடைய குழுவும் ஒவ்வொரு காயமாகக் கணக்குப் பார்த்தார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறவர், செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடக்கிறவர். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டோடு பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு, அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் சிலருடைய விரல் காணாமல் போனதற்குக் காரணம் எலி. தூங்குகிறவருக்கு எலி கடிப்பது தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பும் ஏற்பாடு அதிலிருந்து வந்தது. நரம்பு மரத்து வலி போய்விட்டதுதான் அந்தக் கைகளை அழித்தது.

பின்னால் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது, பிராண்டின் குழு செயற்கை வலி ஒன்றைச் செய்துபார்த்தது. கையுறையில் அழுத்தம் உணரும் கருவி, ஆபத்தான அழுத்தம் வந்தால் ஒலி எழுப்பும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார்கள். ஏதாவது கடினமான வேலை செய்ய வேண்டியிருந்தால் இவர்கள் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் தோற்றது. நாமே அணைக்க முடியாத இடத்தில் வலி இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது பிராண்ட் எடுத்துக்கொண்ட பாடம். வலி கடவுளின் கொடை என்று அவர் கடைசிவரை பேசினார், எழுதினார். பிரயாணக் களைப்போடு லண்டனில் ஒரு இரவு சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று பட்டது. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருந்தவர், காலையில் மறுபடி குத்திப் பார்த்தபோது சுரீர் என்று வலித்தது. அந்த வலிக்காக நன்றி சொன்னார்.

பவுல் சபையை ஒரே உடல் என்கிறார். ஒரு உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்புகளும் கூடப் பாடுபடும் என்பது 1 கொரிந்தியர் 12. பிராண்டின் கண்டுபிடிப்போடு சேர்த்துப் படித்தால் அது வேறு மாதிரி உறைக்கிறது. சேரியில் வீடு எரிந்தாலும் ஊர்த்தெருவுக்கு வலிக்கவில்லை என்றால் அந்த உடம்புக்கு என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் பிராண்டின் வாதத்துக்கு ஒரு எல்லை உண்டு. எச்சரிக்கை கொடுத்து முடித்த பிறகும் நிற்காத வலியை என்ன செய்வது? கடைசிக் கட்டப் புற்றுநோயில் எலும்புக்குள் குடையும் வலி எதையும் காப்பாற்றுவதில்லை. அதைக் கொடை என்று படுத்திருப்பவரிடம் போய்ச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் இன்னொரு கிறிஸ்தவப் பெண்ணின் பெயர் வருகிறது. லண்டனில் 1967இல், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ். சாகப்போகிறவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனதில், குடும்பத்தில், ஆத்துமாவில் எல்லாம் சேர்ந்த ஒரே வலி, அதனால் மருந்தை வேளாவேளைக்குக் கொடுத்துக்கொண்டே மற்றதையும் கவனிக்க வேண்டும் என்றார். வேலூரிலும் வலி நிவாரணப் பராமரிப்புப் பிரிவு இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கடும் வலியை அடக்கும் மார்ஃபினை இந்தியாவில் நோயாளிகளுக்கே எட்டாக் கனியாக்கியது. 2014இல் திருத்தம் வந்த பிறகு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வலியைப் பொறுத்தால் புண்ணியம், மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. வலியைக் குறைக்கும் மருந்தைக் கொடுக்கலாம், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் நோக்கம் வலி நிவாரணமாக இருந்தால் தடையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பயஸ் 1957லேயே சொல்லிவிட்டார்.

கத்தோலிக்கர்களிடம் துன்பத்தை 'ஒப்புக்கொடுப்பது' என்ற வழக்கம் பலமாக இருக்கிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் முழங்காலிட்டு எழும்போது, தன் மூட்டுவலியையும் மகனுக்கு வேலையில்லாத கவலையையும் இயேசுவின் பாடுகளோடு சேர்த்துவிடுகிற பாட்டிகளை எந்தப் பங்கிலும் பார்க்கலாம். கிறிஸ்துவின் பாடுகளில் குறைவானதைத் தன் உடலில் நிறைவேற்றுவதாகப் பவுல் சொல்லும் கொலோசெயர் 1:24 அதற்கு அடிப்படை. 2ஆம் ஜான் பால் 1984இல் மனிதத் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி ஒரு திருத்தூது மடலே எழுதினார். தன் வலி வீண் போகவில்லை, இன்னொருவருக்கு உதவுகிறது என்ற எண்ணம் படுக்கையில் கிடப்பவருக்குப் பெரிய பலம்தான்.

ஆனால் இதே வார்த்தையை வைத்து அநியாயமும் நடக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனை, "அது உனக்குக் கிடைத்த சிலுவை, சும அம்மா" என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். இயேசு சொன்ன சிலுவை அவரைப் பின்பற்றுவதால் வருவது, தெரிந்தே எடுத்துக்கொள்வது. அடுத்தவன் தலையில் ஏற்றும் கொடுமைக்குப் பெயர் வேறு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய விஷயத்தைப் பீடத்துக்கு அனுப்பக் கூடாது.

எடுத்துக்கொள்வது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு டாக்டர் மேரி வர்கீஸைப் பார்க்கலாம். 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்துகொண்டே அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பிராண்ட் அவரை இழுத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் மறுவாழ்வு மையம் 1966இல் உருவாகக் காரணமாக இருந்தார். 1972இல் பத்மஸ்ரீ. இதற்காகத்தான் கடவுள் விபத்தை அனுப்பினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விபத்து விபத்துதான். அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பது வேறு கணக்கு.

சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. குணமாக ஜெபிப்பதில் தவறில்லை, எல்லாச் சபையும் செய்வதுதான். குணமாகாவிட்டால் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று திருப்பியடிப்பதுதான் கொடுமை. பவுலே, 'மாம்சத்தில் முள்' என்று அவர் சொன்ன உபாதையை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டியும் அது போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று மைக்கில் சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது?

இனி சாவு. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று குரு சொல்வது ஆதியாகமம் 3:19இலிருந்து வருகிறது. கைக்குழந்தைக்கும் அதே சாம்பல், அதே வார்த்தை. 90ஆம் சங்கீதம் ஆயுசு 70 வருஷம், பெலத்தின் மிகுதியால் 80 என்று கணக்குச் சொல்லிவிட்டு, எங்கள் நாட்களை எண்ணும் அறிவைக் கொடும் என்று கேட்கிறது. அடக்க ஆராதனைகளில் அதிகம் வாசிக்கப்படும் பகுதிகளில் ஒன்று இது.

சாவுக்குப் பிறகு என்ன என்பதில் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. ஆத்துமா பறந்து மோட்சத்துக்குப் போய்விடும், உடம்பு வெறும் கூடு என்று நாம் பேசிக்கொள்கிறோம். விசுவாசப் பிரமாணம் சொல்வது 'சரீரம் உயிர்த்தெழுதல்'. உடம்பும் மீட்கப்படும். ஊனமான கையை நிமிர்த்த இத்தனை பாடு பட்டவர்கள் இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. உடம்பு கூடுதான் என்றால் கைக்கு ஏன் ஆபரேஷன்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் வேலூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பூசுவார்கள். அன்று சாயங்காலம் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. கத்தோலிக்கர்கள், மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். புரொட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையின் சி.எஸ்.ஐ.காரர்களும் போவார்கள், ஆனால் செத்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் போதனையில் இல்லை. நன்றி சொல்லி, நினைவுகூர்ந்து வருவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. தெரிகிற வித்தியாசம் ஒன்று உண்டு: திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவர் நாடறிந்த விஷயம். ஒரே எக்காளத்துக்கு எல்லாரும் எழுந்திருப்போம் என்று பிரசங்கிக்கிற சபைக்கு அந்தச் சுவரைப் பற்றி ஒழுங்கான பதில் கிடையாது.

இப்போது நகரத்துச் சபைகளில் வரும் கேள்வி வேறு. இடம் இல்லை. ஒரே குழியைச் சில வருஷம் கழித்துத் திறந்து அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்பது பழகிவிட்டது. எரித்தால் என்ன என்று இளைய தலைமுறை கேட்கிறது. உயிர்த்தெழுதலுக்கு எலும்பு வேண்டாமா என்று பெரியவர்கள் பதறுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. சாம்பலை ஆற்றில் கரைக்கவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனித இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 2016இல் விதித்திருக்கிறது. கடலில் மூழ்கியவரையும் தீயில் எரிந்தவரையும் எழுப்ப முடியும் என்று நம்புகிறவர்கள் மின்தகன மேடையைப் பார்த்துப் பயப்படக் காரணமில்லை. இருந்தாலும் அம்மாவை எரிக்கக் கையெழுத்துப் போட மனசு வராது என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.